இருநூறு வாட் பெருமகனார் மெய்க்கீர்த்தி

கிள்ளான் பள்ளத்தாக்கின் முகில் வேந்தர், மாம்பழ மணத்தின் மாமன்னர், இரட்டை மின்கலம் ஏந்திய இளஞ்சூரியர், பனிக்காலமே அறியாத நாட்டின் குறையை மூச்சாலேயே தீர்த்துவைத்த வள்ளல், மேதகு இருநூறு வாட் வேப் பெருமகனாரின் பெருமையைச் சொல்ல ஆதிசேடனின் ஆயிரம் நாவும் போதாது. எனக்கு வாய்த்ததோ ஒரே நாக்கு. அதுவும் பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் அவருடைய திருமூச்சு பட்டதிலிருந்து தர்ப்பூசணியைத் தவிர வேறு சுவை அறியாமல் மரத்துக் கிடக்கிறது. ஆயினும் நன்றிக்கடன் என்று ஒன்று இருக்கிறதே.

இந்த நாட்டில் பாலம் கட்டியவருக்குப் பட்டம் உண்டு. பள்ளிக்கு நிலம் கொடுத்தவருக்குப் பட்டம் உண்டு. இரண்டும் செய்யாதவருக்கும் உண்டு. தெருவுக்கு நாலு டத்தோ உலவும் பூமியில், இத்தனை இளைஞர்களின் நெஞ்சுக்குள் குடியேறிய ஒருவரை வெறும் ‘மோட்’ வகை வேப் கருவி என்று அழைப்பது நமக்கே இழுக்கு. ஆகவே அரண்மனை அறிவிப்புக்குக் காத்திராமல் அவரை டத்தோ ஸ்ரீ என்றே அழைக்கத் துணிகிறேன்.

கடைகளில் டத்தோ ஸ்ரீ கொலுவீற்றிருக்கும் அழகே அழகு. கண்ணாடிப் பேழை, நீலமும் ஊதாவுமாக விளக்கு, துடைத்துத் துடைத்து முகம் பார்க்கலாம் போல மின்னும் உலோக மேனி, மார்பில் வாட் எண்ணைக் காட்டும் வண்ணத்திரை. ஔவைப் பாட்டி இன்று கிள்ளான் கடைவீதிக்கு வந்து இந்தப் பேழைகளைப் பார்த்திருந்தால், அன்று தொண்டைமானின் படைக்கொட்டிலில் சொன்ன பாராட்டை ஓரெழுத்தும் மாற்றாமல் சொல்லியிருப்பாள். தொண்டைமானைப் போலவே கடைக்காரரும் பூரித்துப் போயிருப்பார்.

அவருடைய கொடைத்திறத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது! துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைக்காரர்கள் காலங்காலமாக மல்லிகை தொடுக்கிறார்கள். பாவம், அந்த மல்லிகையை மூக்கருகே கொண்டுபோனால்தான் மணக்கும். டத்தோ ஸ்ரீயின் புளூபெர்ரிக்கு அந்தச் சிரமம் இல்லை, மூக்கைத் தேடி அதுவே வரும். பிரிக்ஃபீல்ட்ஸ், பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம். வெள்ளைக்கோலுடன் நடப்பவர்களுக்கு முகிலின் எழில் தெரியாதே என்று வேறொரு கொடையாளர் வருந்தியிருப்பார். இவரோ கண் இருப்பவர், இல்லாதவர் என்ற பேதம் பாராமல் எல்லார் மூச்சிலும் தம் பங்கைச் சரிசமமாகச் செலுத்திவிடுகிறார்.

சட்டத்தின்மீது அவருக்குள்ள மரியாதையும் குறைந்ததன்று. 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் புகைபிடிக்கக் கூடாது, மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி வந்தது. 2024 அக்டோபர் 1 அன்று நடப்புக்கு வந்த புகைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான 852ஆம் சட்டம் வேப்பையும் சிகரெட்டோடு ஒரே வரிசையில் நிறுத்தியது. மாமாக் கடையில் டத்தோ ஸ்ரீயைக் கவனித்துப் பாருங்கள். கண்ணியமாக மூன்று மீட்டர் தள்ளித்தான் நிற்பார். அவருடைய முகில் மட்டும் முன்னே நடந்து வந்து, மேசையில் இருக்கும் ரொட்டி சானாயை நலம் விசாரித்து, கைக்குழந்தை இருந்தால் அதையும் கொஞ்சிவிட்டுக் கலையும். முகிலுக்கு அளவுநாடா தெரியுமா என்ன?

இப்படிப்பட்டவர் எத்தகைய எளிய குடியில் தோன்றினார் என்பதை அறிந்தால் வியப்பு இரட்டிப்பாகும். குலமுதல்வர் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளர் உருவாக்கிய சின்னஞ்சிறு குழல். ஆண்டு 2003. தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, தாமும் சிகரெட்டை விட முடியாமல் தவித்த மனிதர் அவர். தீயும் தாரும் இல்லாமல் நிகோட்டின் மட்டும் கிடைத்தால் போதும் என்ற சிறுமதி அவருக்கு. அடுத்து வந்த பேனா வகைகளும் பத்துப் பதினைந்து வாட்டுக்குள் காரியத்தை முடித்தன. கேட்டவனுக்கு நிகோட்டின் கிடைத்தது, பக்கத்து மேசைக்காரருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. என்ன கஞ்சத்தனம்! அந்தக் குடும்பத்தில்தான் இந்த வள்ளல் பிறந்தார்.

அவர் வலிமையை அளந்து பார்க்க வேண்டுமா? வீட்டு எல்இடி குழல்விளக்குக்கு 18 வாட். கூரை விசிறிக்கு எழுபது. கம்பி பற்றவைக்கும் சால்டரிங் இரும்புக்கு அறுபது. மடிக்கணினிக்கு அறுபத்தைந்து. விளக்கும் விசிறியும் இரும்பும் கணினியும் சேர்ந்து ஓடும்போது வேண்டிய ஆற்றலை, விசையை அழுத்திய அந்த நாலு விநாடிக்கும் டத்தோ ஸ்ரீ ஏறத்தாழ ஒண்டியாகவே கேட்பார். அந்த நால்வரும் வெளிச்சம், காற்று, வேலை, வருமானம் என்று ஏதோ ஒன்றைக் கொடுத்துக் கடமையை முடித்துக்கொள்கிற கூலிகள். டத்தோ ஸ்ரீ பிரபு. அவர் எதையும் கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர். முகில் எழும், இரண்டு பேர் இருமுவார்கள், முகில் மறையும்.

‘இத்தனை வாட் எதற்கு?’ என்று கேட்கும் அற்பர்கள் உண்டு. அவர்களுக்கு டத்தோ ஸ்ரீயின் பொருளாதார நுட்பம் புரியவில்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் புரியும். ஒரு மில்லிலிட்டரில் 18 மில்லிகிராம் நிகோட்டின் உள்ள திரவத்தை இந்த வாட்டில் இழுத்தால் தொண்டை எரியும், தலை சுற்றும். அதனால் திரவத்தை 3 மில்லிகிராமுக்கு நீர்த்துப்போகச் செய்கிறார்கள். நீர்த்துப்போனதால் நிறைய இழுக்க வேண்டும். நிறைய இழுக்க நிறைய வாட் வேண்டும். நிறைய வாட் இருப்பதால் திரவம் நீர்த்திருக்க வேண்டும். பார்த்தீர்களா, தொடக்கமும் முடிவும் இல்லாத இந்தத் தத்துவம் எத்தனை சுத்தமாகத் தன்னைத் தானே தாங்கி நிற்கிறது!

கணக்கும் பிசகாது. சின்னக் கருவிக்காரர் நாளைக்கு இரண்டு மில்லி இழுத்தால் திரவத்தில் 36 மில்லிகிராம் நிகோட்டின். டத்தோ ஸ்ரீயின் அடியார் அதே 36க்குப் பன்னிரண்டு மில்லி இழுக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நிகோட்டின் திரவத்துக்கு மில்லிக்கு 40 சென் கலால் வரி. சின்னவர் நாட்டுக்குத் தருவது நாளொன்றுக்கு 80 சென். அடியார் தருவது 4 வெள்ளி 80 சென், மாதத்துக்கு 144 வெள்ளி. ஒரே அளவு நிகோட்டினுக்கு ஆறு மடங்கு வரி கட்டும் இந்தத் தேசபக்தியை வேறெந்தக் குடிமகனிடம் காட்ட முடியும்? அந்த வரியில் பாதி சுகாதார அமைச்சுக்குப் போகும் என்று 2023 வரவுசெலவுத் திட்டத்தில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். தான் படுக்கப்போகும் கட்டிலுக்குத் தானே முன்பணம் கட்டிவைக்கும் தொலைநோக்கு, மாமன்னர்களுக்குக்கூட வாய்த்ததில்லை.

குறைந்த நிகோட்டின் என்பதால் குறைந்த கேடு என்று மலிவாகப் புகழ்வோரும் உண்டு. டத்தோ ஸ்ரீயை இதைவிடச் சிறுமைப்படுத்த முடியாது. லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் பழகிய வேப்பர்களுக்கு ஒரு முறை 18, ஒரு முறை 6 மில்லிகிராம் திரவம் கொடுத்துப் பார்த்தார்கள். நிகோட்டின் குறைந்தபோது அவர்கள் கூடுதலாக இழுத்தார்கள், நீளமாக இழுத்தார்கள், வாட்டைக் கூட்டும் வசதி கையில் இருந்தபோது கூட்டினார்கள். ஃபார்மால்டிஹைடும் கூடுதலாகவே சேர்ந்தது. குறைவாகக் கொடுத்து நிறைய வாங்கிக்கொள்ளும் இந்தச் சாதுரியம் வட்டிக்கடைக்காரருக்கும் எட்டாதது.

ஃபார்மால்டிஹைடு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பிணவறையில் பதப்படுத்தப் பயன்படும் மதிப்புமிக்க பொருள். திரவத்தில் இருப்பது புரொப்பிலீன் கிளைக்காலும் காய்கறிக் கிளிசரினும். முன்னது 188 டிகிரியில் கொதிக்கும், பின்னது 290இல். பக்குவமான சூட்டில் இவை வெறுமனே ஆவியாகிப் போய்விடும், சுவாரசியமே இல்லை. டத்தோ ஸ்ரீயின் கம்பிச்சுருள் தகதகக்கும்போதுதான் இரசவாதம் தொடங்குகிறது. கிளிசரின் சிதைந்து அக்ரோலீன் பிறக்கிறது. அடுப்பில் மறந்துவிட்ட வாணலியில் எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்குமே, அதே அக்ரோலீன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வெளியேற்றிய பொருளுக்கு மகன் மாம்பழ மணம் ஏற்றி உள்ளே இழுத்துக்கொள்கிறான். 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் போர்ட்லாந்து அறிவியலாளர்கள் எழுதிய கடிதம் இன்னும் தெளிவு. 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடு சேர்மம் தென்படவில்லை, 5 வோல்ட்டில் தாராளமாகத் தென்பட்டது. ‘அந்தச் சூட்டில் பஞ்சு கருகிக் கசக்கும், மனிதன் எவனும் இழுக்க மாட்டான்’ என்று டத்தோ ஸ்ரீயின் தரப்பார் உடனே வாதாடினார்கள். நியாயமான வாதம். ஆலைக்கு அழுத்தமானி, உலைக்கு வெப்பமானி என்று காசைக் கரியாக்கும் உலகில், ஒரு பையனின் நாக்கையே பாதுகாப்புக் கருவியாக நியமித்த சிக்கனத்தை எப்படிப் பாராட்டாமல் இருப்பது?

உலோகச் சத்தும் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 56 பேரின் கருவிகளைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், சுருளைத் தொட்டு வந்த ஆவியில் ஈயம், குரோமியம், நிக்கல், மாங்கனீசு எல்லாம் இருந்தன. பஸ்பம் உண்ணச் சித்த வைத்தியரைத் தேடி அலைந்த காலம் மலையேறிவிட்டது.

டத்தோ ஸ்ரீயாவது இல்லறத்தார். அவருக்குள் ஒரு சில்லு இருக்கிறது, மின்னோட்டம் எல்லை மீறினால் தடுக்கும். அவருடைய தமையனார் மெக்கானிக்கல் மோட் சுவாமிகள்தான் முற்றும் துறந்தவர். சில்லு இல்லை, ஃபியூஸ் இல்லை, தடுப்பு என்று பெரும்பாலும் எதுவுமே இல்லை. ஒரு பித்தளைக் குழாய், ஒரு பொத்தான், உள்ளே ஒரு 18650 மின்கலம், மேலே சுருள். முழுதாக மின்னேற்றிய கலத்தில் 4.2 வோல்ட். 0.1 ஓம் சுருளை மாட்டினால் 42 ஆம்பியர் கேட்கும். நல்ல கலங்களே 20, 25 ஆம்பியருக்குத்தான் உறுதி சொல்கின்றன. இந்த வகுத்தல் கணக்கைத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளை போட்டுவிடும். ஆனால் சுவாமிகளின் சீடர்களுக்குக் கணக்கு வேண்டியதில்லை, நம்பிக்கை போதும். அந்த நம்பிக்கையின் உச்சியைத் தொட்டவர்களும் உண்டு. 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 38 வயது மனிதர் ஒருவருக்குக் கருவி வெடித்துச் சிதறல் தலைக்குள் பாய்ந்தது. 2019 ஜனவரியில் டெக்சாஸில் 24 வயது இளைஞர் ஒருவருக்குக் கழுத்து நாளம் அறுபட்டது. இருவருமே பிழைக்கவில்லை. இகத்தையும் பரத்தையும் இத்தனை அருகில் கொண்டுவந்து வைத்த வேறொரு குழாயை நான் அறியேன்.

‘இத்தனை வாட் எதற்கு?’ என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல நான் யார்? அடியார் வாயாலேயே கேட்போம் என்று, மாமாக் கடை வாசலில் முகிலுக்குள்ளிருந்து வெளிப்பட்ட ஒரு தம்பியிடம் பணிவோடு விசாரித்தேன்.

“எத்தனை வாட் தம்பி?”

“நூத்தி எம்பதுண்ணே. இருநூறு வரைக்கும் போகும்.”

“இது எதுக்குப்பா?”

“சிகரெட்ட விடத்தாண்ணே.”

“எத்தனை வருசம் சிகரெட் பிடிச்சே?”

“நானா? நான் சிகரெட்டே தொட்டதில்லண்ணே.”

தொடங்காத பழக்கத்தையே விட்டொழித்த அந்த வைராக்கியத்தின் முன் கைகூப்பிவிட்டு வந்தேன். பத்தாண்டு பீடியும் இருபதாண்டு சிகரெட்டும் பிடித்து, நெஞ்சு கரகரத்து, ஒரு பேனாக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு எப்படியாவது புகையை நிறுத்தப் போராடுகிற பெரியவர்கள் துறைமுகப் பக்கத்திலும் லோரி ஓட்டுநர்களிடையேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முகில் தேவையில்லை, திரையில் மின்னும் எண் தேவையில்லை. ஆகவேதான் டத்தோ ஸ்ரீயின் அரசவையில் அவர்களுக்கு இடமும் இல்லை.

அரசவை என்றதும் அரசின் நினைவு வருகிறது. டத்தோ ஸ்ரீயின் வளர்ப்புத் தாய் அதுதானே. 2015இல் டாக்டர் எஸ். சுப்பிரமணியம் சுகாதார அமைச்சராக இருந்தபோது வேப்பைத் தடை செய்யலாமா என்ற பேச்சு அமைச்சரவை வரைக்கும் போய், தடை வேண்டாம் என்று திரும்பியது. அந்த டிசம்பரில் தேசிய ஃபத்வா மன்றம் வேப்பை ஹராம் என்றது. ஜொகூர் 2016 ஜனவரி 1 முதல் விற்பனைக்கே கதவடைத்தது. எட்டு ஆண்டுகள் போல ஒரு பக்கம் சோதனை, மறுபக்கம் திறப்புவிழா. பிறகு 2023 மார்ச் 31 வந்தது. அன்றுதான் திரவ நிகோட்டின் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது, வரி விதிக்க வசதியாக. முந்தின நாள் நஞ்சு, மறுநாள் வருமானம். திருநீலகண்டர் நஞ்சைத் தொண்டையில் நிறுத்தியதோடு சரி. நம் கருவூலம் அதற்கு இரசீதும் போட்டுக் கொடுத்தது.

அந்த விலக்குக்கும் 852ஆம் சட்டம் நடப்புக்கு வந்த நாளுக்கும் இடையே பதினெட்டு மாதங்கள். அத்தனை காலமும், நிகோட்டின் வேப்பைப் பதினெட்டு வயதுக்குக் கீழே விற்காதே என்று சொல்ல நாட்டளாவிய சட்டம் ஒன்றும் இல்லை. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை நூற்றாண்டு நூற்றாண்டாகக் கொண்டாடுகிறோம். பள்ளிப் பிள்ளைக்கு நிகோட்டின் கொடுத்த இந்தப் பாரியை ஒரு பட்டிமன்றத்தில்கூட யாரும் பாடவில்லை. 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு எக்காலத்திலும் புகைப்பொருள் விற்கக் கூடாது என்று அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் 2022இல் கொண்டுவந்த பகுதியும், 2023 நவம்பர் 30 அன்று 852ஆம் சட்டத்துக்கான மசோதா மக்களவையில் நிறைவேறியபோது கழற்றப்பட்டிருந்தது. எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்ற அரசமைப்பின் 8ஆவது பிரிவு இடித்ததாம். சமத்துவத்தின் மீது அப்படியொரு பற்று. பதின்மூன்று முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளில் சிகரெட் பிடிப்போர் 2017இல் 13.8 விழுக்காடாக இருந்து 2022இல் 6.2 ஆகக் குறைந்தார்கள் என்று தேசிய சுகாதார ஆய்வு சொன்னதும் கைதட்டினோம். அதே ஐந்தாண்டில் வேப் பிடிப்போர் 9.8இலிருந்து 14.9 ஆனார்கள் என்ற அடுத்த வரிக்கு மீண்டும் தட்டக் கை வலித்ததால் விட்டுவிட்டோம்.

இப்போது டத்தோ ஸ்ரீயின் சிம்மாசனம் லேசாக ஆடுகிறது என்று கேள்விப்பட்டு என் மனம் துணுக்குற்றது. திரெங்கானு 2025 ஆகஸ்ட் 1 முதல் விற்பனையைத் தடுத்துவிட்டது. தடை வருமா என்பதல்ல, எப்போது என்பதுதான் கேள்வி என்று சுகாதார அமைச்சர் சுல்கிஃப்ளி அகமட் சொல்லிவிட்டார். அதிலும், திரவத்தைக் கையால் ஊற்றிக்கொள்ளும் திறந்த வகைக் கருவிகளிலிருந்து தொடங்கலாம் என்று நிபுணர் குழு பரிந்துரைத்திருக்கிறது. அதாவது முதல் தலை டத்தோ ஸ்ரீயின் தலை. அயல்நாடுகள் சிலவற்றிலும் அடைக்கலம் கிடைப்பது அரிது. சிங்கப்பூரில் 2018இலிருந்து வைத்திருப்பதே குற்றம், இந்தியா 2019இல் விற்பனையோடு தயாரிப்பையும் இறக்குமதியையும் சேர்த்தே தடுத்துவிட்டது. தடை வந்தால் கள்ளச்சந்தை பெருகும் என்று அவருடைய அன்பர்கள் கண்ணீர் மல்க எச்சரிக்கிறார்கள். கள்ளச்சந்தை என்ற ஒன்றை இந்த ஊர் முன்பின் பார்த்ததில்லை என்பதால் அந்த அச்சம் இயற்கையே.

ஆனால் குலம் அற்றுப்போகும் என்று எவரும் கலங்க வேண்டாம், இளவரசர் பட்டத்துக்குத் தயாராக இருக்கிறார். சின்ன உருவம், கண்ணைப் பறிக்கும் வண்ணம், சில வேளைகளில் பொம்மை போல, சில வேளைகளில் ஹைலைட்டர் பேனா போல வேடம். தந்தையைப் போல முகில் காட்டிப் பெருமை பேசும் பழக்கம் கிடையாது, அடக்கமானவர். நிகோட்டின் உப்பு என்ற நவீனக் கல்வி கற்றவர், தொண்டை கரகரக்காமலே வேண்டிய அளவை இறக்கிவிடுவார். இருநூறு வாட் எல்லாம் அவருக்கு வேண்டாம், பத்தே போதும். காலையில் பென்சில் பெட்டிக்குள் ஏறிப் பள்ளிக்குப் போகிறார். ஆசிரியர் வெண்பலகைப் பக்கம் திரும்பும் நேரத்துக்குள் ஓர் இழுப்பு, சட்டைக் காலருக்குள் ஓர் ஊதல். தந்தையின் முகிலைத் தெருவே பார்த்தது. இவருடையதைப் பக்கத்து இருக்கைப் பிள்ளைகூடப் பார்ப்பதில்லை.